வேலிப் பொட்டு

மேடையேறினால் சிவசுப்பிரமணியத்தாரை வெல்ல அச்சுவேலியில் ஆளில்லை. “சிங்களம் படிக்கிற உத்தியோகத்தன் தமிழனே இல்லை” என்று அவர் முழங்கினால், கைதட்டல் அடங்க ஐந்து நிமிடம் பிடிக்கும்.

கூட்டம் முடிந்ததும் சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டு, ஒழுங்கையால் சுற்றிப் போய், குணலட்சுமி வீட்டுத் தென்னங்கிடுகு வேலியில் ஆள் நுழையுமளவுக்கு இருந்த பொட்டுக்குள்ளால் நுழைவார். சிங்கள வகுப்புக்குத்தான்.

வேறென்ன செய்வது? சிங்களம் மட்டும்தான் ஆட்சிமொழி என்று சட்டம் வந்துவிட்டது. அவரோ அரசாங்கக் கந்தோரில் தலைமைக் கிளாக்கர். வயது ஐம்பத்திரண்டு. வெள்ளிக்கிழமைச் சிங்களச் சோதினையில் கோட்டை விட்டால் வேலை போய்விடும்.

குணலட்சுமி அனுராதபுரத்தில் சிங்களவர் நடுவே வளர்ந்தவள். ஐம்பத்தெட்டாம் ஆண்டுக் கலவரத்தில் தகப்பனையும் கடையையும் பறிகொடுத்துவிட்டுத் தாயோடு ஊர் வந்தவள். இப்போது சோறு போடுவது அந்தப் பாஷைதான். வகுப்பு நடக்கிறதென்று ஊருக்குத் தெரியும். யார் படிக்கிறார்கள் என்றுதான் தெரியாது.

உள்ளே அவள் ரீச்சர், வெளியே ஆரையும் ஆருக்கும் தெரியாது. இதுதான் வகுப்பின் சட்டம். சந்தையில் எதிர்ப்பட்டால் அவர் வாழைக்குலையைப் பார்ப்பார், அவள் கத்தரிக்காயைப் பார்ப்பாள்.

அன்றைக்கு அவர் பொட்டுக்குள் அரைவாசி நுழைந்திருந்தார். பின்னால் வாசிகசாலை ஆட்கள் நாலு பேர்.

“ஐயா, குமர்ப்பிள்ளை இருக்கிற வீட்டுக்குள்ளை பொட்டாலை என்ன அலுவல்?” என்று கேட்டான் செயலாளர் கனகரத்தினம்.

படிக்க வந்தேன் என்றால் அவர் மானம் போகும். பேசாமல் நின்றால் அவள் மானம் போகும். சிவசுப்பிரமணியத்தார், வெட்கக்கேடு, சால்வையை இன்னும் கொஞ்சம் முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டார்.

சத்தம் கேட்டுக் குணலட்சுமி வெளியே வந்தாள்.

“வகுப்பை நிப்பாட்டச் சொல்லி என்னை ஏச வந்தவர். முன்வாசலாலை வந்தால் நான் படலையைப் பூட்டிப்போடுவன் எண்டுதான் உந்தப் பொட்டாலை வாறார்.”

கனகரத்தினத்துக்குக் கண் கலங்கிவிட்டது. ஐயாவின் சால்வையில் ஒட்டியிருந்த கிடுகுத் தும்பைத் தட்டிவிட்டான். “உங்களைப் போய்ச் சந்தேகப்பட்டிட்டம். வடிவா ஏசிப்போட்டு வாருங்கோ” என்று சொல்லி ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனான்.

நிலம் பிளந்து தன்னை விழுங்காதா என்றிருந்தது அவருக்கு. “பிள்ளை...” என்று தொடங்கினார்.

“ரீச்சர்” என்றாள் அவள். திருத்திய அவருடைய சிங்களக் கொப்பியை நீட்டினாள்.

“இனி நீங்கள் முன்படலையாலையே வரலாம். என்னை ஏசத்தானே வாறியள், ஊர் ஒண்டும் சொல்லாது.”