முன்னால் ஓர் ஆள்

விமானம் தானாகவே பறந்துவிடும். பயணிகள் பயப்படாமல் இருக்க நான் முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். அதுதான் இப்போது பைலட் வேலை. லிஃப்ட் மெக்கானிக்கான என் மனைவி பொற்கொடிக்கு என்னைப்போல் இரண்டு மடங்கு சம்பளம்.

“சும்மா உட்கார்றதுக்கு எத்தனை நாளைக்குச் சம்பளம் குடுப்பான்? பேசாம எங்கூட வந்துடுங்க, தொழில் கத்துத் தர்றேன்,” என்றாள், மகளுக்கு டெல்லி டிக்கெட் போட்டுக்கொண்டே.

மகள் தனியாகப் போவது இதுதான் முதல் தடவை. பைலட் இல்லாத விமானத்தில் பாதிக் கட்டணம்தான்.

“அதையே போடேன்,” என்றேன்.

பொற்கொடி என்னை முறைத்தாள். “விளையாடறீங்களா? பிள்ளை தனியாப் போறா. முன்னாடி ஒரு மனுஷன் வேண்டாமா?”

நான் எழுந்து போய், ஏற்கெனவே இஸ்திரி போட்டிருந்த யூனிஃபார்மை இன்னொரு தடவை இஸ்திரி போட்டேன்.