மீதிச் சீட்டு

"எனக்காக ஒரே ஒரு தபா, மாமா. நல்ல எடம் என் தம்பிக்கு வுழற மாதிரி குலுக்கேன். எவன் பாக்கப் போறான்?"

"சீட்டுல கை வெக்கச் சொல்றியா? பெத்த தாயே வந்து கேட்டாலும் இந்தத் தருமன் செய்ய மாட்டான். போ, போய் வேலையப் பாரு."

முப்பத்தெட்டு வருஷத்துக்கு முந்தைய பேச்சு அது. பழவேற்காடு ஏரியில் யார் எந்த இடத்தில் வலை போடுவது என்று குப்பத்தில் சீட்டுக் குலுக்கித்தான் பாடு பிரிப்பார்கள். அந்த வருஷம் குலுக்கியவர் தருமன். கேட்டது அவர் மனைவி இந்திராணி. அவள் தம்பிக்கு விழுந்தது சேறு மண்டிய மூலை. அடுத்த வருஷமே அவன் படகை விற்றுவிட்டு ஊரைவிட்டுப் போனான்.

இந்திராணி அதை மறக்கவில்லை. தருமனை மறக்க விடவும் இல்லை.

இப்போது தருமன் ஏரிக்குப் போவதில்லை. இரைப்பு வந்ததிலிருந்து இந்திராணியும் மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டாள். ஓய்ந்துபோன இரண்டு பேரையும் கொரோனா வந்து ஒரே அறைக்குள் போட்டு அடைத்தது. வாரம் ஒரு நாள், வீட்டுக்கு ஒருத்தர் மட்டும் பாலம் தாண்டிக் கடைத்தெருவுக்குப் போகலாம் என்பது ஊர்க்கட்டுப்பாடு.

யார் போவது என்று முதல் வாரமே அடிதடி.

"ஏரில பண்ற மாதிரி சீட்டுப் போட்டுடலாம்," என்றார் தருமன். பேர்களை எழுதி, சொம்பில் போட்டுக் குலுக்குவது அவர். எடுப்பது இந்திராணி. பதிமூன்று வெள்ளிக்கிழமைகள் எடுத்தாள். பதிமூன்று முறையும் 'தருமன்' என்றே வந்தது.

"உன் கைராசி அப்பிடி. நான் இன்னா பண்ண?" என்று சிரித்துக்கொண்டே வாசலுக்குப் போவார். மீதிச் சீட்டைக் கொளுத்தி, அதிலேயே ஒரு பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

திரும்பி வந்ததும் வேண்டுமென்றே கதை சொல்வார். "ஜெயம்மா உன்னைக் கேட்டா. வூட்ல மகாராணி மாதிரி படுத்துகினு கீறான்னு சொன்னேன்."

முப்பது வருஷம் கூடை தூக்கி நடந்த தெரு அது. இந்திராணிக்கு வயிறு எரியும். அன்றைக்குக் குழம்பில் உப்பு இருக்காது.

பதினாலாவது வெள்ளி. விடியற்காலையிலிருந்து மழை. அன்றும் 'தருமன்'தான். வாசலில் நின்று மூன்று குச்சி உரசிப் பார்த்தார். தீப்பெட்டி நமத்துப் போயிருந்தது. மீதிச் சீட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்கான துணிப்பையைத் தேடினார்.

"யோவ், அதை எடு."

"எதுக்கு?"

"என் பேரை ஒரு தபா கண்ணால பாத்துக்கறேன். அதுக்கும் ஊர்க்கட்டுப்பாடா?"

அவர் நகர்வதற்குள் சட்டைப் பையில் கைவிட்டுப் பிடுங்கினாள். பிரித்தாள். அதிலும் 'தருமன்'.

"தூ! ஊருக்கே நாயம் பேசின வாயி! நீ ஊர் சுத்தணும்னு கட்டினவகிட்டயே சீட்டுல கை வெச்சியா? என் தம்பிக்காக அழுதேனே, அன்னிக்கி எங்கய்யா போச்சு இந்தக் கை?"

கத்தின வேகத்தில் இரைப்பு பிடித்துக்கொண்டது. நெஞ்சைப் பிடித்தபடி சுவரில் சரிந்தாள்.

தருமன் ஓடினார். அலமாரியிலிருந்த இன்ஹேலரை எடுத்துக் குலுக்கி அவள் வாயில் வைத்து அழுத்தினார். மூச்சு சீராகும்வரை அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"தொடாத. பொய்க்காரன்," என்றாள் மூச்சு வாங்க.

"ஆமா, பொய்தான். இந்த நெஞ்சை வெச்சிகினு வெளிய போவாதன்னு நான் சொன்னா கேட்டிருப்பியா? வீம்புக்குன்னே மொத ஆளா போயிருப்ப."

அது உண்மை என்று இந்திராணிக்கும் தெரியும்.

கல்யாணமான நாளிலிருந்து தருமன் அவளை அதட்டியிருக்கிறார், ஏவியிருக்கிறார். எதையும் அவளிடம் கெஞ்சிக் கேட்டதில்லை. கையிலிருந்த சீட்டை அவளிடமிருந்து மெல்ல வாங்கிக் கசக்கினார்.

"எனக்காக இந்த ஒரு வருசம் மட்டும் தோத்துப் போ, இந்திராணி."