யாருக்காக இளைக்கிறார்?

"எனக்குச் சோறு வேண்டாம், வெள்ளரிக்காய் போதும்" என்றார் கணவர்.

மனைவிக்குப் பொறுக்கவில்லை. "எண்ணெய் ஆகாது, இனிப்பு ஆகாது, விடிஞ்சா ஓட்டம். அம்பது வயசுல யாருக்குக் காட்ட இந்த அழகு? என் தம்பி ஆஸ்பத்திரியில உயிருக்குப் போராடறான். அந்தக் கவலை கொஞ்சமாவது இருக்கா உங்களுக்கு?"

அவர் குளிக்கப் போனார். மேஜையில் அவருடைய போன் அடித்தது. எடுத்தாள். பெண் குரல்.

"சார் இருக்காரா?"

"நான் அவர் சம்சாரம். நீ யாரு?"

"டாக்டர் பேசறேன்மா. சாரோட கல்லீரல்ல இருந்த கொழுப்பு நல்லாக் குறைஞ்சிடுச்சு. இனி உங்க தம்பிக்கு அவர் தாராளமா ஒரு பகுதி கொடுக்கலாம்."

துண்டோடு வெளியே வந்தவரிடம், "என்கிட்ட ஏங்க சொல்லல?" என்றாள்.

"குறையாமப் போயிருந்தா, உன் மூஞ்சியில எப்படிடி முழிக்கிறது?"