எழுபதாவது விநாடி

மனுவேல் மூச்சை இழுத்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் தலையை முக்கினான்.

கிருபாநிதி பலகையில் பொத்தானை அழுத்தினார். சிவப்பு எண்கள் ஓடத் தொடங்கின. எழுபது வந்ததும் மணி அடிக்க வேண்டும்.

அவர் துறைமுகத்தில் வயர்லெஸ் ஆபரேட்டர். சிங்கப்பூரிலிருந்து வந்த கப்பல்காரர் ஒருவரிடம் வாங்கிய அந்தச் சின்னக் கம்ப்யூட்டர் பலகையோடு இரண்டு வாரமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

சங்கு குளிக்கும் வள்ளத்தில் வைக்க ஒரு மணி வேண்டும் என்று கேட்டவன் மனுவேல்தான். ஆள் முங்கியதும் பொத்தானை அழுத்த வேண்டும். மணி அடித்ததும் மேலே கயிறு பிடித்திருப்பவன் ஆளை இழுத்துவிட வேண்டும். இதுவரை கயிறு பிடிப்பவன் வாய்க்குள் எண்ணித்தான் இழுப்பது வழக்கம்.

பலகையிலிருக்கும் டைமர் விநாடிக்கு இருபது தடவை கூப்பிடும். கூப்பிட்ட உடனே கம்ப்யூட்டர் கைவேலையை நிறுத்திவிட்டு ஒன்று கூட்டிக்கொள்ள வேண்டும். இருபது சேர்ந்தால் ஒரு விநாடி. இன்டரப்ட் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. புத்தகத்தில் எல்லாம் சுலபம்.

கரண்ட் போனால் பலகை அத்தனையையும் மறந்துவிடும். கட்டளைகளை முதலிலிருந்து தட்ட வேண்டும். இன்றைக்குக் காலையிலிருந்து மூன்று தடவை தட்டியாயிற்று.

கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தால் போதும், நீ முங்க வேண்டாம் என்று சொன்னால் மனுவேல் கேட்டானா? மணிச் சத்தம் கேட்டால்தான் தலையைத் தூக்குவேன் என்று ஒரே பிடிவாதம்.

கைக்கடிகாரத்தில் எழுபது தாண்டியது. பலகையில் நாற்பத்தெட்டு.

கிருபாநிதி தொட்டிச் சுவரைத் தட்டினார். மனுவேல் அசையவில்லை.

எண்பது. தொண்ணூறு. பலகையில் அறுபத்திரண்டு.

முடியைப் பிடித்துத் தூக்கினார். இருமி, மூச்சு வாங்கி, மணி அடித்துவிட்டதா என்றுதான் மனுவேல் முதலில் கேட்டான்.

சாவதற்கு என் வீடுதானா கிடைத்தது என்று கிருபாநிதி கத்தித் தீர்த்தார். பிறகு எரிச்சலோடு நோட்டை இழுத்து, எழுதி வைத்திருந்த கட்டளைகளை வரிவரியாகப் பார்த்தார். பதினோராவது வரியில் கோளாறு அகப்பட்டது.

"டைமர் ஒழுங்காத்தாம்லே கூப்பிடுது. பலகைதான் நம்பரைக் காட்டுத வேலையில இருக்கும்போது காதுல வாங்க மாட்டேங்குது. அந்த நேரமெல்லாம் கணக்குல விழாமப் போவுது."

மனுவேல் தலையைத் துவட்டாமல் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கும் அப்படித்தான் அண்ணாச்சி. எண்ணிக்கிட்டு இருக்கையில ஒருத்தன் தீப்பெட்டி கேட்டான். தேடி எடுத்துக் குடுத்துட்டு, விட்ட எடத்துலேருந்து எண்ணுனேன்."

போன மாதம் சங்கு குளிக்க முங்கிய அவன் தம்பி பவுலைப் பிணமாகக் கரைக்குக் கொண்டுவந்த அன்று, கயிறு பிடித்திருந்தது யார் என்று கிருபாநிதி கேட்டிருக்கவில்லை.