தத்ரூபக் கரப்பான்

"என்ன ஓய் இது? பேரீச்சம்பழத்துக்குக் கால் முளைச்சாப்ல இருக்கு! இதைப் பார்த்து யார் பயப்படுவா?"

போன வாரம் கம்ப்யூட்டரில் செய்த கரப்பானைக் காட்டியபோது தோத்தாத்ரி கேட்ட கேள்வி ஐசக்கின் காதை விட்டு இன்னும் போகவில்லை.

மனுஷர் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் கரப்பான் கொல்லும் சாக்பீஸ் தயாரிக்கிறவர். லோக்கல் சேனலில் போட ஒரு விளம்பரம் கேட்டிருந்தார். கம்ப்யூட்டர் கரப்பான் ஒன்று ஓடிவந்து, சாக்பீஸ் கோட்டைத் தொட்டதும் மல்லாந்து விழ வேண்டும். அவ்வளவுதான்.

ஆனால் குரோம்பேட்டை மாடியில் ஸ்டூடியோ வைத்திருக்கிற ஐசக்குக்கு இது வாழ்வா சாவா பிரச்சினை. கல்யாண வீடியோவில் தாமரை விரிந்து மாப்பிள்ளை முகம் வருகிற கிராபிக்ஸையே எத்தனை காலத்துக்குத்தான் போடுவது? முதல்முதலாக ஒரு விளம்பரம் தேடி வந்திருக்கிறது. இன்றைக்கும் பிடிக்காவிட்டால் கோடம்பாக்கத்தில் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிக்கொண்டேதான் தோத்தாத்ரி படியேறி வந்தார்.

"போடும்மா, பார்ப்போம்" என்று மானிட்டருக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அனிமேஷன் செய்கிற ஹெப்சி மவுஸை அமுக்கினாள். வெள்ளை டைல்ஸ் ஒட்டிய சமையலறைச் சுவர் திரையில் வந்தது. கரப்பானைக் காணோம்.

"வரும் சார்" என்று மறுபடி அமுக்கினாள். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"வரட்டும், வரட்டும். அதுக்குள்ள ஒண்ணு சொல்லிடறேன்." தோத்தாத்ரி சட்டைப் பையிலிருந்து தன் சாக்பீஸை எடுத்து, மானிட்டர் கண்ணாடியின் குறுக்கே பட்டையாக ஒரு கோடு கிழித்தார். "கோடு கரெக்டா இங்கே வரணும். என் சாக்பீஸைத் தாண்டின கரப்பான் இந்த லோகத்துலயே கிடையாது, தெரியுமோ?"

'ஆண்டவரே, ஒரே ஒரு கரப்பான்!' என்று ஐசக் மனசுக்குள் ஜெபித்தான்.

வந்துவிட்டது! கீழ் மூலையிலிருந்து சரசரவென்று ஓடிவந்து, சுவரின் நடுவில் நின்று மீசையை ஆட்டியது.

"ஐயோ பெருமாளே!" தோத்தாத்ரி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நாற்காலிமேல் ஏறி, கையில் கிடைத்த பேப்பரைச் சுருட்டி ஓங்கினார். அதற்குள் அது கோட்டில் ஏறி, தாண்டி, மேலே போய் மறைந்தது.

ஐசக் தலையில் கை வைத்துக்கொண்டான். சாக வேண்டிய கரப்பான் சாகாமல் போய்விட்டதே! கெட்டது குடி!

ஓங்கிய கை அப்படியே நிற்க, தோத்தாத்ரியின் முகம் மெல்ல மலர்ந்தது. "கோட்டைத் தாண்டிடுத்தே! நிஜக் கரப்பானா இருந்தா அங்கேயே செத்திருக்குமே. ஒரு நிமிஷம் என்னையே ஏமாத்திட்டேளே! பேஷ், பேஷ்! தத்ரூபம்! சாகறதை மட்டும் சேர்த்துடும்மா. விளம்பரம் உமக்குத்தான் ஓய்!"

சிரித்துக்கொண்டே அவர் படியிறங்கிப் போனதும் ஐசக் துள்ளிக் குதித்தான். "ஸ்தோத்திரம்! எப்படிம்மா பண்ணே? அந்த மீசை ஆடுச்சே, அடேயப்பா! இனிமே நமக்குத் தாமரையே கிடையாது ஹெப்சி!"

ஹெப்சி மவுஸை இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டினாள். திரையில் எதுவும் அசையவில்லை.

"நான் ஒண்ணுமே பண்ணலை சார். சுவர் வந்ததுமே கம்ப்யூட்டர் ஹேங் ஆயிடுச்சு."

"அப்போ ஓடினது?"

மானிட்டருக்குப் பின்னாலிருந்து, மீசையெல்லாம் சாக்பீஸ் தூளோடு, அது மெதுவாக எட்டிப் பார்த்தது.