பிப்ரவரி முப்பத்தொன்று

பாரானின் தடம் தார்ச்சாலை ஓரத்தில் வந்து முடிந்துபோயிருந்தது.

பாரான் ஒரு சிவிங்கிப்புலி. செம்னான் பாலைவனத்தில் மிஞ்சியிருந்த ஒருசில பெண் சிவிங்கிகளில் ஒன்று. பாரசீகப் புத்தாண்டான நவ்ரூஸ் அன்று அதன் கழுத்தில் பட்டை மாட்டியவள் கொல்னார். பட்டை அனுப்பும் இடக்குறிப்புகள் தேதியோடு ஓர் உரைக்கோப்பில் வந்து விழும். அவற்றை வரைபடமாக்குவது அவள் வேலை.

மூன்று நாளாக வரைபடத்தில் ஒரு புள்ளிகூட விழவில்லை.

“லாரி அடிச்சிருக்கும், கொல்னார் கானும். நீங்க என்ன பண்ணுவீங்க?” என்றார் காவலர் தலைவர் சஃப்தர். உடலைத் தேடி எடுத்துவரக் காலையிலேயே ஜீப்பை அனுப்பியிருந்தார்.

கொல்னாருக்கு மனசு கேட்கவில்லை. வரைபடத்தை மூடிவிட்டுக் கோப்பையே திறந்து பார்த்தாள்.

வரிகள் இருந்தன. மூன்று நாளுக்கும் இருந்தன.

02/29. 02/30. 02/31.

பாரசீக நாட்காட்டியில் இரண்டாம் மாதம் ஓர்திபெஹெஷ்த். அதற்கு முப்பத்தொரு நாள். படம் வரையும் நிரலோ வெளிநாட்டில் எழுதியது. இரண்டாம் மாதமென்றால் அதற்குப் பிப்ரவரிதான். பிப்ரவரியில் இல்லாத தேதிகளை அது மூச்சுக்காட்டாமல் தூக்கி எறிந்திருந்தது. முதல் மாதமான போன மாதம் இந்த வம்பே வரவில்லை. ஜனவரிக்கும் முப்பத்தொன்றுதானே.

“அட மடச் சாம்பிராணி!” என்று கத்திவிட்டாள்.

சஃப்தர் தேநீர்க் கோப்பையோடு திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

“உங்கள இல்ல சஃப்தர் ஆகா, இந்த மெஷின!”

தேதிகளை ஊர் நாட்காட்டிப்படி படிக்கும்படி நிரலில் சில வரிகளை மாற்றி எழுதினாள். ஓடவிட்டாள்.

புள்ளிகள் விழுந்தன. சாலையைத் தாண்டி, குன்றடிப் பள்ளத்தில், ஒரே இடத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக.

சஃப்தர் தொப்பியைக் கழற்றினார். “அடிபட்டு அங்க போய் விழுந்திருக்கு, பாவம்.”

கொல்னார் படத்தைப் பெரிதாக்கினாள். ஒரு புள்ளி சுனையருகே. அடுத்தது மறுபடியும் பள்ளத்தில். இன்னொன்று மான்கள் மேயும் சமவெளியில். பிறகு மறுபடியும் பள்ளத்தில்.

எங்கே போனாலும் அதே இடத்துக்கு. போன வேகத்தில்.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

சஃப்தர் குனிந்து பார்த்தார். இன்னும் கிட்டே குனிந்து பார்த்தார். பிறகு பாய்ந்துபோய் வாக்கிடாக்கியை எடுத்தார்.

“டேய், எங்கடா இருக்கீங்க?”

“குன்றுப் பள்ளத்துக்குக் கிட்ட வந்துட்டோம் தலைவரே.”

“வண்டிய அணைங்க. இறங்கி, சத்தமில்லாம பின்னால தள்ளிட்டுப் போங்க.”

“ஏன், வேட்டைக்காரனுங்க இருக்கானுங்களா?”

“இல்லடா,” என்றார் சஃப்தர். அவர் குரல் குழைந்திருந்தது. “பிள்ள பெத்தவ படுத்திருக்கா.”