ராசியில்லாத கை

"மச்சான், இது நாலாவது மாடி."

அத்தான் உதடு அசையாமல் சொன்னார். பூட்டுக்காரன் நிமிர்ந்து பார்த்தான். கதவில் பித்தளைத் தகட்டில் 401 என்றிருந்தது. அத்தான் கையிலிருந்த காகிதத்தில் 301, மூன்று வண்ணங்களில் அடிக்கோடு இட்டு.

"மூணு மாடிதான் எண்ணி ஏறினேன் அத்தான்."

"நம்ம ஊர்க் கணக்கு. இங்க தரைத்தளமே ஒண்ணு. விமானத்துல படிச்சுப் படிச்சுச் சொன்னேன்."

நட்ட நடுப்பகல், மொழி தெரியாத நாடு, எவருடைய வீட்டு வாசலோ. பூட்டுக்காரன் கருவிப்பையைச் சுருட்டிக்கொண்டு படியிறங்கினான்.

அத்தான் ஏதோ அலுவலகத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மேற்பார்வை ஓயவில்லை. கொள்ளையடிக்கும் கதைப் படங்களாகப் பார்த்துத் தள்ளி, கத்தியின்றி ரத்தமின்றி ஒரே ஒரு முறை உலகமே வியக்கக் கைவரிசை காட்டிவிடவேண்டும் என்று கிளம்பிவிட்டார். திட்டம் போடுவதில் அவருக்கு இணை அவரேதான். பலித்ததாக மட்டும் சரித்திரம் இல்லை. உள்ளூரில் ஆறு முறை முயன்றாயிற்று. தன் திட்டத்தின் தரத்தை உள்ளூர்ப் பூட்டுகளால் தாங்க முடியவில்லை என்று முடிவுகட்டி, ஏழாவதற்கு வெளிநாடு வந்திருந்தார். குறி, ஒரு சேகரிப்பாளர் வீட்டிலிருக்கும் பழங்காலக் கைக்கடிகாரம். அந்த ஆள் விடுமுறைக்குப் போய் மூன்று நாளாகிறது.

ஆறு முறையும் கெடுத்தது பூட்டுக்காரன் கைதான். இத்தனைக்கும் ஊரில் சாவி தொலைத்தவர்கள் அவன் கடைக்குத்தான் ஓடிவருவார்கள். கண்ணை மூடிக்கொண்டு திறந்து கொடுப்பான். அத்தானோடு வந்தால் மட்டும் கை உதறும். அத்தான் அதற்கு 'சபை நடுக்கம்' என்று பெயர் வைத்திருந்தார்.

விமான நிலையத்தில் அக்கா தம்பியைத் தனியாக அழைத்துப்போய்ப் பேசியது இன்னும் காதிலேயே இருந்தது. தடுத்தால் தனியாகப் போவார், தனியாகப் போனால் நிச்சயம் மாட்டுவார் என்றாள். "கையில விலங்கு ஏறாம அவரை முழுசாக் கூட்டிட்டு வந்துடுடா. உன்னை நம்பித்தான் அனுப்பறேன்."

301. சரியான கதவு.

பூட்டுக்காரன் முதல் காரியமாகக் காலணிகளைக் கழற்றிக் கதவோரம் வைத்தான். அதைப் பார்த்த அத்தானும், பெரிய வீட்டு விசேஷத்துக்கு வந்தவர்போல, தன்னுடையதையும் கழற்றி ஜோடி பிசகாமல் பக்கத்தில் வைத்தார். வைத்த பிறகுதான் உறைத்தது.

"ஏண்டா கழட்டினே?"

"பழக்கதோஷம் அத்தான். நீங்க?"

அத்தான் நிலைக்கதவை ஆராய்ந்தார்.

பூட்டுக்காரன் மண்டியிட்டான். உள்ளங்கை நனைந்து கம்பி வழுக்கியது. கால்சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி நுழைத்தான். கீழே எங்கோ ஒரு கதவு சாத்தும் ஓசை. யாரோ படியேறுகிறார்கள். இல்லை, இறங்குகிறார்கள். அத்தான் நொடிக்கொருதரம் குனிந்து, ஆச்சா, ஆச்சா என்று அவன் காதுக்குள் ஊதினார்.

பூட்டுக்குள்ளிருந்து 'டக்'கென்று ஒரு சத்தம்.

பூட்டுக்காரனுக்கு நெஞ்சுக்கூடே காலியான மாதிரி இருந்தது. முகத்தில் சொட்டு ரத்தமில்லை. விரல்கள் கம்பியோடு அவசரமாக ஏதோ மல்லுக்கட்டின. மறுபடி ஒரு 'டக்'. பின்னாலேயே ஒரு 'படக்'.

"என்னடா சத்தம்?"

"கம்பி உள்ளயே முறிஞ்சுடுச்சு அத்தான். இனிமே சாவி போட்டாக்கூடத் திறக்காது."

அத்தான் தலையில் கை வைப்பதற்குள் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. நாய்க்குட்டியை இடுக்கிக்கொண்டு ஓர் அம்மாள் நின்றார். இருவரையும் பார்த்தார், அவர்களுடைய வெறுங்கால்களைப் பார்த்தார், வரிசையாக நின்ற காலணிகளைப் பார்த்தார். பிறகு அவருடைய மொழியில் ஏதோ கேட்டார்.

நெருக்கடியில் தலைமைப் பண்பு வெளிப்பட்டது. அத்தான் புன்னகைத்து, அந்த மொழியில் தனக்குத் தெரிந்த ஒரே வாக்கியத்தைக் கம்பீரமாகச் சொன்னார். கழிப்பறை எங்கே இருக்கிறது என்பது அதன் பொருள். அம்மாள் கைப்பேசியை எடுத்தார். நாய் குரைக்க ஆரம்பித்தது.

மூன்று தெரு தள்ளி ஒரு பேருந்து நிறுத்தத்தில்தான் இருவரும் நின்றார்கள். மூச்சு வந்ததும் அத்தான் தீர்ப்பு வழங்கினார். திட்டத்தில் எள்ளளவும் குறையில்லை, அமைந்த ஆள் சரியில்லை. "உன் கைக்கு ராசியில்ல மச்சான். ஊருக்குப் போனதும் நல்ல டாக்டராப் பார்த்துக் காட்டு." பூட்டுக்காரன் தலைகுனிந்து கேட்டுக்கொண்டான். அத்தான் வெறுங்காலோடு, எதிர்க்கடையில் செருப்பு வாங்கச் சாலையைக் கடந்தார்.

அவர் கடைக்குள் நுழையும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பூட்டுக்காரன் அக்காவை அழைத்தான்.

"என்னடா ஆச்சு?" குரலிலேயே மூன்று நாள் தூக்கமில்லை.

"வெறுங்கைதான்க்கா. காலும் வெறுங்கால்தான். நாளைக்கு விமானம் ஏறிடுவோம்."

அக்கா மூச்சை விட்டது கடல் தாண்டிக் கேட்டது. "எப்பவும் போலச் சுளுவா முடிஞ்சுதா?"

"மாடியை மாத்திப் பார்த்தேன், செருப்பைக் கழட்டிப் பார்த்தேன், அசரல மனுஷன். கடைசியில பூட்டையே கெடுத்துடலாம்னு கம்பியை விட்டேன். வெளிநாட்டுப் பூட்டுக்கா, பழக்கமில்ல, பட்டுனு திறந்துக்கிச்சு. உசிரே போயிடுச்சு. அவர் கவனிக்கறதுக்குள்ள திருப்பிப் பூட்டிட்டுத்தான் கம்பியையே உடைச்சேன்."